நெவார்க் வரை ஏறிய மைல்கள்

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்
2 மார்ச் 2026

சாய் அண்ணாவுக்கு,

போனில் பேச எனக்கு இன்னும் மனசு வரவில்லை, அதனால்தான் மெயில். பழைய சண்டையைக் கிளற எழுதவில்லை. ஒரு வேலை விஷயம்.

ஏப்ரல் முதல் வாரம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போகிறேன். அம்மா இருந்த முதியோர் குடியிருப்பிலிருந்து மூன்று தடவை மெயில் வந்துவிட்டது, வீட்டைக் காலி பண்ணித் தரச் சொல்லி. அம்மா போய் ஏழு வாரமாகிறது. நீயும் போகவில்லை, நானும் போகவில்லை. பெரியப்பா மகன் திருமூர்த்தி கொள்ளி வைத்தான். நாம் இரண்டு பேரும் இரண்டு ஊரில் லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கையில் இரண்டு மாசக் குழந்தை. உனக்கு விசா ஸ்டாம்ப் முடிந்துவிட்டது, போனால் திரும்பி வர முடியாது. அன்றைக்கு உன்னைக் கேட்ட கேள்விகளை மறுபடி கேட்கப் போவதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

விஷயம் இதுதான். டிக்கெட்டை, பறந்த தூரத்துக்கு ஏர்லைன்ஸ் தருகிற நம் குடும்ப மைல்ஸில் போடப் பார்க்கிறேன், கொஞ்சம் குறைகிறது. ஏன் குறைகிறது என்று உன் கணக்கைத் திறந்து பார்த்தால், செப்டம்பரில் நீ அம்மாவைப் பார்க்கப் போன பயணத்தில் சான் பிரான்சிஸ்கோ–நெவார்க் மட்டும்தான் ஏறியிருக்கிறது. நெவார்க்கிலிருந்து ஃப்ராங்ஃபர்ட், அங்கிருந்து சென்னை, திரும்பி வந்தது, எதுவுமே ஏறவில்லை. கூட்டாளி ஏர்லைன்ஸில் பறந்தால் இப்படி விட்டுப்போவது சகஜம், நாம்தான் கேட்டு வாங்கணும். பயணம் கிளம்பின தேதியிலிருந்து ஆறு மாசத்துக்குள் கேட்கணும். மார்ச் பத்தொன்பதோடு கெடு முடிகிறது.

உன் போர்டிங் பாஸை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். தீக்ஷா அண்ணி என்னை மைல்ஸ் மந்திரி என்று கேலி பண்ணுவாளே, மந்திரி வேலையாவது ஒழுங்காகப் பார்க்கிறேன்.

விசாலி


மில்பிடாஸ்
4 மார்ச்

விசாலி,

உன் மெயில் பார்த்ததே எனக்குப் பெரிசு. ஏழு வாரத்தில் என் மெசேஜ் எதையும் நீ திறக்கவில்லை.

போர்டிங் பாஸெல்லாம் அப்போதே குப்பைக்குப் போய்விட்டது. போனில் இருந்ததும் அழிந்துவிட்டது. விட்டுத்தள்ளு. எவ்வளவு குறைகிறது என்று சொல், அந்த மைல்ஸை நான் காசு கொடுத்து வாங்கி உன் கணக்கில் போட்டுவிடுகிறேன். பத்து நிமிஷ வேலை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கஸ்டமர் கேரோடு எதற்கு மல்லுக்கட்டுகிறாய்?

பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாளா? உன் மருமகன் பிரணவ் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

சாய்


ஃபிரிஸ்கோ
6 மார்ச்

அண்ணா,

காசு கொடுத்து வாங்குகிறாயா? நல்லா வருது வாயில். அது நீ இருபத்தைந்து மணி நேரம் சீட்டில் உட்கார்ந்து போன தூரம். அதற்கு உண்டானதை ஏன் தானம் பண்ணணும்?

போர்டிங் பாஸ் இல்லை என்றால் போகட்டும். டிக்கெட் நம்பர் உன் பழைய மெயிலில் இருந்தது, அதை வைத்து நேற்றே கிளெய்ம் போட்டுவிட்டேன். போர்டிங் பாஸ் தொலைந்துவிட்டது, உங்கள் ரெக்கார்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பும் எழுதினேன். பாப்பா தூங்குகிற நேரத்தில் எனக்கு வேறு என்ன வேலை? துணி மடிக்கிறேன், ஃபாரம் நிரப்புகிறேன். எதைச் செய்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அழுகை வருவதில்லை. போன வாரம் இங்கே அனுமார் கோவிலில் அம்மா பெயருக்கு அர்ச்சனை பண்ணினேன், அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார், சட்டென்று சொன்னேன், தட்டை வாங்கினேன், காருக்கு வந்தேன். அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மைல்ஸ் சாக்கு. எனக்கு அந்தப் பயணத்தைப் பற்றித் தெரியணும்.

அம்மாவை, மறதி முற்றினவர்களை வைத்திருக்கும் ரெண்டாவது மாடிக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டவள் நான். பூட்டு நம்பர் போட்டால்தான் திறக்கும் அந்தக் கதவுக்குப் பின்னால் அம்மா இரண்டு மாசம் இருந்தாள், அங்கேயே நிமோனியா வந்து போனாள். நான் செய்தது சரிதானா என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். கேஸை அணைக்காமல் விட்டாள், கீரைக்காரனுக்கு இரண்டு தடவை காசு கொடுத்தாள், அதற்கெல்லாம் யாரும் மாடி ஏற்ற மாட்டார்கள். டாக்டரும் ரெண்டுங்கெட்டானாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அக்டோபரில் வீடியோ காலில் பேசும்போது நீ வந்துபோனதே அம்மாவுக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளை வந்து நாலு நாள் கூட இருந்தது ஒரே மாசத்தில் மறந்துபோச்சு என்றால் இனி தனியாக விடக்கூடாது என்றார் டாக்டர். நானும் சரி என்றேன். அன்றே உனக்குப் போன் பண்ணிச் சொன்னேனே.

அந்த நாலு நாள் அம்மா எப்படி இருந்தாள்? எனக்கு அப்போது பெட் ரெஸ்ட். நீ போனில் சொன்னது, அம்மா நன்றாக இருக்கிறாள், இறங்கின அன்றைக்கே அமாவாசை, பேரூருக்குக் கூட்டிக்கொண்டு போய் அப்பாவுக்குத் திதி கொடுத்தேன், அம்மா படித்துறையில் உட்கார்ந்து பார்த்தாள் என்பதுதான். அப்போதே ஏதாவது தெரிந்ததா? கேட்டதையே கேட்டாளா? எங்கேயாவது வெறித்துப் பார்த்தாளா? நினைவுக்கு வருவதை எழுது. அம்மாவுக்கு அப்போதே முடியாமல்தான் இருந்தது என்று நீ எழுதினால், எனக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கம் வரும்.

விசாலி


மில்பிடாஸ்
9 மார்ச்

விசாலி,

நீ செய்தது சரி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நீ கஷ்டப்படுத்திக்கொள்ளாதே.

அம்மா எப்படி இருந்தாள் என்று எழுத மூன்று நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்தி அங்கேயே போனில் எழுதுவேன், அழிப்பேன். சாப்பிட்டாள். மாத்திரை போட்டாள். டீவி பார்த்தாள். கேட்டதையே ஒன்றிரண்டு தடவை கேட்டிருக்கலாம், எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எழுபத்தாறு வயசில் எல்லாருக்கும் இருப்பதுதான்.

சனிக்கிழமை லிவர்மோர் கோவிலுக்குப் போயிருந்தோம். திரும்பும்போது மலை மேல் டிராஃபிக். தீக்ஷா சொன்னாள், விசாலிக்கு எழுதுங்கள், எல்லாத்தையும் எழுதுங்கள் என்று. எழுதுகிறேன் என்றேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், தட்டாமல் செய். அந்தக் கிளெய்மை வாபஸ் வாங்கு. உனக்கும் பாப்பாவுக்கும் டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன். ஏன் எதற்கு என்று கேட்காதே.

சாய்


ஃபிரிஸ்கோ
14 மார்ச்

அண்ணா,

வாபஸ் எல்லாம் வாங்கவில்லை. உனக்கு என் மேல் பரிதாபம், அதனால் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறாய். எனக்குப் பரிதாபம் வேண்டாம்.

ஏர்லைன்ஸ்காரன் பதில் இன்றைக்கு வந்தது. படித்துவிட்டுப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? இந்தப் பயணி நெவார்க்கில் விமானம் ஏறவில்லை, ஆகவே அதற்குப் பிறகு உள்ள பயணங்கள் எல்லாம் ரத்து, மைல்ஸ் கிடையாது. எவ்வளவு அலட்சியம் பார். ஒரு ஆள் கோயம்புத்தூர் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறான், ஏறவே இல்லை என்கிறான். உடனே கூப்பிட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டான். பிறகு வந்த பெண் அதையே கிளிப்பிள்ளை மாதிரி சொன்னாள். நான் கத்திவிட்டேன் அண்ணா. பாப்பா எழுந்து அழுதாள், அவளைத் தோளில் போட்டுக்கொண்டே கத்தினேன். என் அண்ணன் பொய் சொல்கிறானா என்று கேட்டேன். அவள் பாவம், சாரி மேடம், சாரி மேடம் என்றாள்.

மேல்முறையீடு பண்ணலாமாம். பயணம் செய்ததற்கு வேறு அத்தாட்சி வேண்டுமாம். உன் பாஸ்போர்ட்டில் சென்னை இமிக்ரேஷன் முத்திரை இருக்குமே, வந்ததற்கு ஒன்று, போனதற்கு ஒன்று. அந்தப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்பு. பத்தொன்பதாம் தேதிக்குள் அனுப்பணும். இவனை நான் விடப்போவதில்லை.

விசாலி


மில்பிடாஸ்
16 மார்ச்

விசாலி,

பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை. அந்தப் பெண்ணிடம் நீ கத்தியிருக்க வேண்டாம். அவள் சொன்னது நிஜம்.

நான் போகவில்லை.

நெவார்க்கில் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். புது விசா உத்தரவு வந்த அன்றைக்கு, உனக்கு ஞாபகம் இருக்கும், நம் ஆட்கள் பாதிப் பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கம்பெனி வக்கீலிடமிருந்து மெயில் வந்தது, நாட்டுக்குள் இருப்பவர்கள் யாரும் வெளியே போகாதீர்கள், போனால் திரும்பி உள்ளே விடாமல் போகலாம் என்று. தீக்ஷாவைக் கூப்பிட்டேன். அவள் தடுக்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, வர்றத அப்புறம் பாத்துக்கலாம்"னு தான் சொன்னாள். அவள் மேல் பழி போட்டுவிடாதே. வீடு, பிரணவ் ஸ்கூல், வேலை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தேன்.

கஜமுகனை உனக்குத் தெரியாது, பழைய ஆபீஸ் நண்பன், யாழ்ப்பாணத்துக்காரன், நெவார்க் பக்கத்தில் எடிசனில் வீடு. அவனுடைய பேஸ்மென்ட்டில் ஒன்பது நாள் இருந்தேன். ஏன் உடனே வீட்டுக்குத் திரும்பவில்லை என்று கேட்பாய். நீ தினமும் பிரணவோடு வீடியோவில் பேசுவாய். அப்பா வீட்டில்தான் இருக்கிறார் என்று அவன் சொல்லிவிடுவான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் நீ மெசேஜ் போட்டாய், ஃப்ராங்ஃபர்ட் போயாச்சா என்று. ஆமாம் என்று போட்டேன். ஏழு மாசக் கர்ப்பத்தோடு படுத்திருக்கிறாய், பதறுவாய் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது சமாதானம்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமையே விஷயம் தெளிவாகிவிட்டது, என்னைப் போல ஏற்கெனவே விசா இருப்பவர்களுக்கு அந்த உத்தரவு இல்லை என்று. திங்கட்கிழமை வேறு ஃபிளைட் பிடித்திருக்கலாம். ஸ்டாம்ப்பும் அப்போது செல்லுபடிதான். ஆனால் அதற்குள் உன்னிடம் பேரூரில் திதி கொடுத்தாகிவிட்டது.

அம்மாவிடம் எடிசனிலிருந்து தினமும் போனில் பேசினேன். "எங்கிருந்து சாமி பேசற?" என்றாள். ஆபீஸிலிருந்து என்றேன். "வர முடியலீன்னா பரவால்ல, வேலையப் பாரு" என்றாள். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை விசாலி. போன் பேசும்போது நன்றாகத்தான் இருந்தாள்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அக்டோபரில் நீ கூப்பிட்டாய். "அம்மாவுக்கு நீ வந்ததே ஞாபகம் இல்லண்ணா"னு அழுதாய். போன் என் கையில்தான் இருந்தது. அப்போது சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். "வயசாயிடுச்சில்ல"னு சொன்னேன். டாக்டர் சொல்வதைக் கேள் என்றும் சொன்னேன்.

ஜனவரியில் நீ என்னை ஏன் வரவில்லை என்று திட்டியபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்காவது திட்டு வாங்குகிறோம் என்று.

சாய்


ஃபிரிஸ்கோ
22 மார்ச்

சாய்ராமுக்கு,

உன் மெயிலைப் படித்து ஆறு நாளாகிறது. முதல் நாள் அடுப்பைத் துடைத்தேன். கிளெய்மை மூடிவிட்டேன். காரணம் என்ன என்று ஃபாரத்தில் ஒரு கட்டம் இருந்தது, பயணம் நடக்கவில்லை என்று போட்டேன். வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார், உடம்புக்கு என்ன என்று. ஒன்றுமில்லை என்றேன். நிஜமாகவே ஒன்றும் இல்லை. உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், அதுகூட வரவில்லை.

அந்த வீடியோ காலில் என்ன நடந்தது என்று உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், நீ கேட்கணும்.

டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போனை ஒரு தண்ணீர் ஜக்கின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். இன்றைக்கு என்ன கிழமை என்றார், அம்மா சரியாகச் சொன்னாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றார், சரியாகச் சொன்னாள். "பையன் எப்ப வந்தாருங்கம்மா?" என்றார்.

"அவன் வந்து ரெண்டு வருசமாச்சுங்க. வர்றேன் வர்றேன்னு சொல்றான்."

நான் இங்கிருந்து கத்தினேன். "இல்லம்மா, போன மாசம்தான வந்தான். நாலு நாள் இருந்தானே. பேரூருக்குக் கூட்டிட்டுப் போனானே, நீ படித்துறையில உக்காந்திருந்தியே."

"இல்லீங் கண்ணு. அவன் வர்லியே."

"அம்மா, நல்லா யோசிச்சுப் பாரு."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். அம்மா அவர் எழுதுவதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஆனால் அது மறதியைப் பார்த்து வருகிற பயம் என்று நினைத்தேன்.

"அப்படியா கண்ணு? வந்தானா? நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் ஞாபகம் இல்லியாட்டம்."

அந்த வாக்கியத்தை டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் நாகமணி செப்டம்பரில் அமாவாசைக்கும் ஆயுத பூஜைக்கும் சேர்த்து லீவில் இருந்தாள். அதனால் அவளுக்கும் தெரியாது. மாடிக்குப் போன பிறகு அவள் என்னிடம் சொல்வாள், உங்கம்மா தினம் ஒருக்கா சொல்றாங்க, என் பையன் வந்தானாம், பேரூருக்குக் கூட்டிட்டுப் போனானாம் என்று. நான் சந்தோஷப்பட்டேன். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். நடக்காத ஒன்றை அம்மா மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள், நான்தான் டீச்சர். ஒவ்வொரு காலிலும் ஒப்பிக்கச் சொல்வேன். சொன்னால் வெரி குட் என்பேன்.

அம்மா மறக்கவில்லை. நீ ஒரு பொய் சொன்னாய், அதை நிஜமாக்குவதற்கு அம்மாவின் தலையை நான் பூட்டி வைத்தேன். உன்னைத் திட்டினால் எனக்கு லேசாகும் என்று தெரியும். ஆனால் அந்தக் காலில் கத்தினது நான். பெற்றவள் சொன்னதை ஒரு நிமிஷம் நம்பியிருக்கலாம், ஒரு தடவை உன்னைக் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

ஏப்ரல் மூன்றாம் தேதி போகிறேன். டிக்கெட் நானே எடுத்துக்கொண்டேன், நீ ஒன்றும் தர வேண்டாம். வீட்டைக் காலி பண்ணுவதற்கு முன்னால் அந்த டாக்டரைப் போய்ப் பார்ப்பேன். அம்மாவின் ஃபைலில் அன்றைக்கு எழுதியதைத் திருத்தச் சொல்வேன். செத்துப்போனவர்கள் ஃபைலில் யாரும் திருத்த மாட்டார்கள், எனக்கும் தெரியும். பேப்பரையாவது உள்ளே வைக்கச் சொல்வேன்.

அதற்கு உன்னிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். எனக்கு எழுதாதே. டாக்டருக்கு எழுது, கையெழுத்துப் போடு. மன்னிப்பு, வருத்தம், விசா, எதுவும் அதில் வரக்கூடாது. நடந்ததை மட்டும் எழுது.

விசாலாக்ஷி


மில்பிடாஸ்
25 மார்ச்

விசாலி,

நீ கேட்டது கீழே இருக்கிறது. எட்டு தடவை எழுதினேன், ஒவ்வொரு தடவையும் எனக்காக ஒரு வரி உள்ளே வந்துவிட்டது, எடுத்தேன். தீக்ஷா படித்தாள். பிரணவுக்கும் படித்துக் காட்டித் தமிழில் புரியாததை இங்கிலீஷில் சொன்னேன். "ஸோ பாட்டி வாஸ் ரைட்?" என்றான். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்ட காகிதம் இன்றைக்கு உன் விலாசத்துக்குத் தபாலில் கிளம்பிவிட்டது.

சாய்

*

மில்பிடாஸ், கலிஃபோர்னியா
25.03.2026

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் பராமரிப்பில் இருந்து 11.01.2026 அன்று காலமான திருமதி வசந்தாமணி அவர்களின் மகன் சாய்ராம் எழுதுவது.

22.10.2025 அன்று தாங்கள் என் தாயாரிடம், மகன் கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்டீர்கள். வந்து இரண்டு வருடமாகிறது என்று அவர் பதில் சொன்னார். அது தவறான பதிலாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

2025 செப்டம்பரில் நான் கோயம்புத்தூர் வரவில்லை. வந்ததாக என் தங்கையிடம் சொன்னேன். என் தங்கை அதை நம்பித் தங்களிடம் சொன்னார்.

என் தாயார் சொன்ன பதில் சரியானது. இதை அவருடைய ஃபைலில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சாய்ராம்